ஐந்து மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லையே, ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டார். 11 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும் எடுக்கிறார். நெஞ்செரிச்சலுக்காக நாலு வருடமாகப் பான்டோபிரசோல். ஐந்து மாதத்துக்கு முன்பு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.8. ஃபோலிக் அமிலம் சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டார். முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை, பீட்ரூட் ஜூஸ் என்று எல்லாமும் செய்து கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து 8.6-தான். நாக்கு எரிகிறது, ரசம்கூடக் காரமாக இருக்கிறது என்கிறார். இரண்டு பாதமும் மரத்துப்போகிறது. அது சர்க்கரையால் வருவது என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றலாமா? ரத்தம் ஏற்ற வேண்டிவருமா?
- வாசகி, கும்பகோணம்.

பதில்: இரும்பு ஊசி வேண்டாம். ரத்தம் ஏற்றவும் இப்போது அவசியம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் வைட்டமின் பி12 குறைபாடு. அதை உறுதிசெய்ய ஒரே ஒரு ரத்த மாதிரி போதும். ஆனால் இந்த வாரமே செய்துவிடுங்கள். அவசரம் ஹீமோகுளோபினுக்காக இல்லை, பாதத்துக்காக.

ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதல் வரியில் தடித்த எழுத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்கு நாலைந்து வரி கீழே 'எம்.சி.வி.' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-லிருந்து 100 வரை இருக்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும், அந்த எண் 80-க்குக் கீழே, பல சமயம் 70-க்கும் கீழே போய்விடும். உங்கள் அம்மாவுக்கு 114. அணுக்கள் சிறுக்கவில்லை, பெருத்திருக்கின்றன. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 110. அதாவது இரும்பு போதுமான அளவு இருக்கிறது. ஐந்து மாதம் நீங்கள் கொடுத்தது ஏற்கெனவே நிறைந்திருந்த குடத்தில்தான் போய் விழுந்தது.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தத் தாளில் இருக்கின்றன. வெள்ளணு 3,400, பிளேட்லெட் 1.2 லட்சம், இரண்டுமே குறைவு. வெறும் இரும்புக் குறைபாட்டில் இப்படி மூன்று வகை அணுவும் சேர்ந்து குறைவதில்லை. சொல்லப்போனால் பிளேட்லெட் கூடுவதுதான் அதில் வழக்கம். மொத்த பிலிருபின் 1.9, அதில் பெரும்பகுதி 'இன்டைரக்ட்' வகை. கல்லீரல் நொதிகள் சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏறியிருந்தால், சிவப்பணுக்கள் எங்கோ அழிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். முகம் வெளுத்தும் இல்லாமல், மஞ்சளும் இல்லாமல், எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு சாயல் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எங்கே அழிகின்றன? எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே. ஒரு சிவப்பணு உருவாக வேண்டுமானால் தாய் அணு பலமுறை பிரிய வேண்டும். பிரிவதற்கு முன்பு டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் வேண்டும், ஃபோலேட் வேலை செய்யப் பி12 வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அணு பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகிறது. உள்ளே ஹீமோகுளோபின் நிரம்பிவிடும், உட்கரு மட்டும் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட அரைகுறை அணுக்களில் பெரும்பாலானவை வெளியே வராமல் மஜ்ஜையிலேயே செத்துவிடுகின்றன. அந்தச் சிதைவில் வருவதுதான் பிலிருபின். தப்பித்து வெளியே வரும் சிலதான் 114 என்ற அந்தப் பெரிய அணுக்கள்.

ஐந்து மாதத்தில் 7.8 என்பது 8.6 ஆனதே, அது எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த 0.8-ஐக் கொடுத்தது மாத்திரையில் இருந்த இரும்பு இல்லை, அதோடு சேர்ந்திருந்த ஃபோலிக் அமிலம். பி12 இல்லாத உடலில் ஃபோலேட் அடகுக்கடையில் மாட்டிய நகை மாதிரி. நம்முடையதுதான், ஆனால் எடுத்துப் போட முடியாது. மீட்டுத் தருவது பி12-இன் வேலை. மாத்திரையாக வரும் ஃபோலிக் அமிலமோ புதிதாக வாங்கிய நகை. அடகுக்கடைப் பக்கமே போகாமல் நேராக மஜ்ஜைக்குப் போய் வேலையை ஓரளவு ஓட்டிவிடும். ரத்தம் கொஞ்சம் ஏறும். மருத்துவரும் குடும்பமும் 'முன்னேற்றம் இருக்கிறது' என்று காத்திருப்பார்கள்.

நரம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. நரம்பின் மேலுறை கெடாமல் இருக்கப் பி12-தான் வேண்டும், ஃபோலிக் அமிலம் எவ்வளவு கொடுத்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. ரத்தம் சுமாராக இருக்கும்போதே தண்டுவடத்தின் பின்பகுதி பழுதாகிக்கொண்டு போகும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது என்று மருத்துவப் புத்தகங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்வது இதனால்தான். மஜ்ஜை பல மாதம் கழித்துக் கொடுத்தாலும் எழுந்துகொள்ளும். நரம்பு பாதிப்பு ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீடித்துவிட்டால் முழுதாகத் திரும்புவது கடினம்.

பாதம் மரத்துப்போவது சர்க்கரையாலும் இருக்கலாம், மறுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. சர்க்கரையால் வரும் மரப்பு பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை ஏறிய பிறகுதான் வழக்கமாகக் கைக்கு வரும். பி12 குறைவில் கையும் காலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொடங்குவது உண்டு. சட்டைப் பித்தான் போடுவது, பூத்தொடுப்பது தடுமாறுகிறதா என்று கேளுங்கள். கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது தள்ளாடுகிறதா, இருட்டில் கொல்லைப்பக்கம் போகச் சுவரைப் பிடிக்கிறாரா, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறாரா என்றும் கேளுங்கள். பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாததால்தான் இப்படி. கண் திறந்திருக்கும்வரை கண் அதை ஈடுகட்டிவிடும். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அடித்துக் கால் பெருவிரலிலும் கணுக்கால் எலும்பிலும் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார். அரை நிமிட வேலை.

கையை நீட்டச் சொல்லி விரல் கணுக்களையும் பாருங்கள். மாநிறத் தோலில் அந்தக் கணுக்கள் மட்டும் கரியைத் தேய்த்தது போலக் கறுத்திருந்தால் அது நம் ஊரில் பி12 குறைவுக்கு நல்ல அடையாளம்.  நாக்கைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். அதன் மேல் இருக்கும் சொரசொரப்பு போய் வழுவழுவென்று சிவந்திருக்கும். அதனால்தான் ரசம் எரிகிறது.

பி12 எங்கே போயிற்று? உங்கள் அம்மாவின் விஷயத்தில் மூன்று இடத்தில் ஓட்டை. முதலாவது வரவே குறைவு. செடிகொடிகளில் பி12 கிடையாது, சைவர்களுக்குப் பாலும் தயிரும் மட்டுமே வழி. 100 மி.லி. பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம் இருக்கும், காய்ச்சும்போது அதிலும் கொஞ்சம் போகும். ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு டபரா ஃபில்டர் காபியில் 80 மி.லி. பால் என்று வைத்தால் 0.3. இரண்டு காபி, இரவு ஒரு கரண்டி மோர் என்று கணக்குப் போட்டால் ஒன்றைத் தாண்டாது. நெய்யில் எதுவும் இல்லை, அது வெறும் கொழுப்பு.

இரண்டாவது, வந்ததும் பிரிவதில்லை. உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐ வயிற்று அமிலம்தான் பிரிக்க வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைத்தான் நாலு வருடமாக அடைத்து வைத்திருக்கிறது. மூன்றாவது, பிரிந்ததும் சேர்வதில்லை. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதத்தோடு கைகோத்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த்தான் பி12 ரத்தத்தில் ஏறும். மெட்ஃபார்மின் அந்தக் கடைசிப் பகுதியில் குறுக்கே நிற்கிறது. அளவு கூடக்கூட, வருடம் ஆக ஆகப் பாதிப்பும் கூடும். நாளுக்கு 2000 மி.கி., 11 வருடம் என்றால் இரண்டு வகையிலும் உச்சம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது சாதாரணமாக நடக்கக்கூடிய பக்கவிளைவு என்றும், அறிகுறி இருந்தால் பரிசோதிக்க வேண்டும் என்றும் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு நினைவூட்டியது.

இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து, மலிவான மருந்து. பி12-ஐ ஈடுகட்டிவிட்டால் தொடரலாம். பான்டோபிரசோல் இன்னும் தேவையா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். 'வாயு மாத்திரை' என்று ஒரு முறை எழுதிக்கொடுத்ததை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வராமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

உடலில், முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் பி12 சேமிப்பு இருப்பதால்தான் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை. வரவு அடியோடு நின்றாலும் அது தீர மூன்று, நாலு வருடம் ஆகும். ஃபோலேட் அப்படி இல்லை, மூன்று நாலு மாதத்தில் காலி. கர்ப்பிணிகள், தினமும் குடிப்பவர்கள், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்து அல்லது மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், தலசீமியா போலச் சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்கள் ஃபோலேட் குறைவில் மாட்டுவார்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வீட்டில் ஃபோலேட்டில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. பருப்போடு சேர்த்துக் கூட்டாகச் செய்தால் தண்ணீரோடு உள்ளே போய்விடும்.

ஃபோலேட் கண்டுபிடிக்கப்பட்ட கதையே நம் நாட்டில் தொடங்கியதுதான். 1930-ஐ ஒட்டிய வருடங்களில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளிடம் இதே பெரிய அணு ரத்தசோகையைப் பார்த்தார். ஏழைப் பெண்கள், பலர் ஜவுளி ஆலைத் தொழிலாளிகள். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. அதில் இருந்த பொருள் ஃபோலேட் என்று பிறகுதான் தெரிந்தது. பி12-ஐத் தனியே பிரித்தெடுத்தது 1948-இல்.

இனிச் செய்ய வேண்டியது. பி12 அளவுக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் முதல் ஊசி. வரிசை மாறக் கூடாது. ஒரு ஊசி போட்டுவிட்டுப் பரிசோதித்தால் அளவு ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும், பிறகு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கணக்கைக் கெடுக்கும், அதைச் சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அதே ரத்தத்தில் ஃபோலேட், தைராய்டு, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். தைராய்டு குறைந்தாலும் அணு பெருக்கும். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் 'பெரிஃபெரல் ஸ்மியர்' கட்டாயம் கேளுங்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் உட்கரு வழக்கமாக மூன்று நாலு மடலாக இருக்கும், ஆறு மடல் தெரிந்தால் பி12 அல்லது ஃபோலேட் குறைவு என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

பி12 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200-லிருந்து 300 வரை இரண்டுங்கெட்டான். அப்போது மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை உதவும், அது பி12 குறைவில் ஏறும், ஃபோலேட் குறைவில் ஏறாது. ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு பரிசோதனை பி12, ஃபோலேட் இரண்டு குறைபாட்டிலும் ஏறுவதால் பிரித்துக்காட்டாது. ஆனால் கால் மரத்திருக்கும்போது இந்த ரிசல்ட்டுகளுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்றுதான் மருத்துவர் முடிவெடுப்பார்.

நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கு மாத்திரையில் தொடங்குவதைவிட ஊசி நல்லது. வழக்கமான முறை ஒன்றைச் சொல்கிறேன், அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்: 1000 மைக்ரோகிராம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மூன்று வாரம், பிறகு வாரம் ஒன்று என்று ஒரு மாதம், அப்புறம் மாதம் ஒன்று. பி12-இன் வடிவங்களான ஹைட்ராக்சோகோபாலமின், சயனோகோபாலமின், மெத்தில்கோபாலமின் எதுவானாலும் வேலை நடக்கும், 'மெத்தில்தான் உசத்தி' என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிற்பாடு தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாறலாம். சாதாரண வழி அடைபட்டிருந்தாலும், கொடுத்ததில் நூற்றுக்கு ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போகும். 1000-இல் ஒரு பங்கு என்றால் 10 மைக்ரோகிராம், தேவையைப் போல நாலைந்து மடங்கு. 5, 10 மைக்ரோகிராம் மட்டும் உள்ள சத்து மாத்திரைகள் இதனால்தான் அம்மாவுக்குப் போதாது. ஃபோலிக் அமிலம் தேவைப்பட்டால் பி12 தொடங்கிய பிறகு தொடரலாம்.

'நரம்பு மாத்திரை' என்று விற்கும் கலவைகளில் ஒரு எச்சரிக்கை. பலவற்றில் பி6 அதிக அளவில் இருக்கிறது. 50, 100 மி.கி. என்று மாதக்கணக்கில் சாப்பிட்டால் அந்தப் பி6-ஆலேயே கால் மரப்பு வரலாம். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிகிச்சை சரியா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் பசியும் தெம்பும் வரும். ஒரு வாரத்தில் ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுவின் எண்ணிக்கை எகிற வேண்டும், அந்த நேரத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஏறி, இரண்டு மாதத்தில் 12-ஐ நெருங்கும். ஏறாவிட்டால் நோயறிதலையே மறுபடி பார்க்க வேண்டும். இந்த வயதில் மஜ்ஜை நோய் ஒன்று இதேபோல வேஷம் போடும். பாதி ஏறிவிட்டு நின்றால் பெரும்பாலும் இரும்புதான் காரணம். மஜ்ஜை முடங்கிக் கிடந்தவரை இரும்பு செலவாகாமல் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டியிருக்கும், உற்பத்தி தொடங்கியதும் மளமளவென்று தீரும். அதனால் ஆறு வாரத்தில் ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். அது குறைந்தால் அப்போது இரும்பு மாத்திரை அர்த்தமுள்ளதாக இருக்கும். மாத்திரையோடு ஒரு எலுமிச்சம்பழச் சாறு நல்லது, அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றும். காபி, டீ ஒரு மணி நேரமாவது தள்ளி. இரும்பு உண்மையிலேயே குறைந்தால், மாதவிடாய் நின்றவருக்கு அது எங்கே கசிகிறது என்று வயிறு, குடலைப் பார்ப்பதையும் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். பி12 குறைந்திருக்கும்போது மூன்று மாத சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1சி. உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஊசி தொடங்கியதும் புதிய அணுக்கள் நிறைய வருவதால் திடீரென்று குறையும். இரண்டையும் நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மூன்று நாலு மாதம் விரலில் குத்திப் பார்க்கும் அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு மெதுவாகத்தான் வரும். முதல் சில வாரம் பாதத்தில் ஊசி குத்துவது போலக் கூடினாலும் பயப்பட வேண்டாம். ஆறு மாதம் வரை தேற இடமுண்டு. அதுவரை இரவில் நடைபாதையில் விளக்கு, குளியலறையில் பிடிமானம், குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து. நடை மேலும் தடுமாறினாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, தார் போலக் கறுத்த மலம் இருந்தாலும் அப்படியே. இரும்பு மாத்திரை சாப்பிடும்வரை மலம் கருப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிசுபிசுவென்று தாராக நாறினால் அது வேறு.

சாப்பாடு பற்றி. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவை, ஆனால் இந்த நோய்க்கு மருந்து இல்லை. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவே கிடையாது, சர்க்கரைக்காரருக்கு அந்த ஜூஸை நிறுத்திவிடலாம். பழைய சோற்றிலும் புளித்த இட்லி மாவிலும் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளிக்கும் போலி, உடலுக்கு உதவாது. அரை லிட்டர் பாலும் தயிரும் தினமும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் மெட்ஃபார்மின் இருக்கும்வரை மாத்திரையும் தொடர வேண்டும். முட்டை சாப்பிட வற்புறுத்த வேண்டாம், தேவையும் இல்லை.

மற்ற வைட்டமின்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்கப்போகிறீர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் சேமிப்பிலுள்ள இரும்பு வெளியே வராது. பி6 குறைந்தால் ஹீமோகுளோபின் தயாரிப்பு தடைபடும், காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு அதனால்தான் பி6 சேர்த்துத் தருகிறார்கள். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இவற்றுக்கான தடயம் இல்லை.

அறுவைசிகிச்சை எதற்காவது நாள் குறித்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் பி12 குறைவு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வாயு மிச்சமிருக்கும் பி12-ஐயும் செயலிழக்க வைத்து, சில நாள் முதல் சில வாரத்துக்குள் நரம்பைப் பாதிக்கக்கூடும்.

கடைசியாக உங்களைப் பற்றி. அதே சமையலைத்தான் நீங்களும் சாப்பிடுகிறீர்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தாலோ உங்கள் பி12-ஐயும் இதோடு பார்த்துவிடுங்கள். அம்மாவின் உடலில் வருடக்கணக்குக்குச் சேமிப்பு இருந்தது. பி12 குறைந்த தாய்க்குப் பிறந்து தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குச் சில மாதத்துக்குக்கூட இருக்காது.